புதுச் சைக்கிள் நேராக ஓடவில்லையா? அறிகுறியைப் பார்த்துக் கோணலைப் பிடிப்பது எப்படி

2022இல் பெற்றோல் வரிசை நீண்டு கொண்டே போனபோது எங்கள் ஒழுங்கையில் மட்டும் ஏழெட்டுப் புதுச் சைக்கிள்கள் வந்திறங்கின. அதில் பாதி எங்கள் முற்றத்துக்கும் வந்து போனது. நான் கடை வைத்திருப்பவன் இல்லை. தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் வராத காலத்தில் அப்பாவுக்குப் பக்கத்தில் குந்தியிருந்து பழகிய கைவேலை, அவ்வளவுதான். அப்போது வந்தவை எல்லாம் கிழட்டுச் சைக்கிள்கள், தேய்ந்து வந்தன. இப்போது வருபவை புதுசு, கோணி வருகின்றன.

புதுச் சைக்கிள் பெட்டியில் பாதி பூட்டிய நிலையில்தான் வரும். முன்சில்லு, ஹாண்டில், பெடல், சீட் எல்லாம் விற்கிற கடையில் பூட்டப்படுபவை. பின்னேரம் நாலு பேர் காத்து நிற்க, ஒரு பெடியன் அவசரத்தில் பூட்டியிருப்பான். ஆகவே தொழிற்சாலைப் பிழை என்று நீங்கள் நினைப்பதில் பெரும்பங்கு பூட்டின பிழை. அது பத்து நிமிட வேலை. மிச்சம் கொஞ்சம்தான் உண்மையான தொழிற்சாலைக் கோணல். அதைக் கண்டுபிடிப்பது மட்டும் உங்கள் வேலை, நிமிர்த்துவது விற்றவரின் வேலை. இந்த இரண்டையும் பிரித்தறியத்தான் கீழே உள்ளதெல்லாம்.

இன்னொன்று. "ஓட ஓடச் சரிவரும்" என்று கடையில் சொன்னால் நம்பாதீர்கள். ஓட ஓடப் பிரேக் கேபிள் இளகும், செயின் கொஞ்சம் தொய்யும், சில்லுக் கம்பிகள் தங்கள் இடத்தில் உட்காரும். கோணின போர்க் (முன்சில்லை இரு பக்கமும் பிடித்திருக்கும் கவை) ஓடி நிமிர்ந்ததை நான் இதுவரை கண்டதில்லை.

வேண்டிய சாமான்: 15ஆம் நம்பர் சாவி, ஒரு செற் அலன் சாவி, அடிமட்டம், மூன்று நாலு மீற்றர் தங்கூசி (மீன்பிடிக்கும் நைலோன் நூல்), சோக்குக்கட்டி, விளக்குமாற்றிலிருந்து உருவின நாலு ஈர்க்கு. ஈர்க்கு எதற்கு என்று பிறகு சொல்கிறேன்.

அறிகுறி 1: சில்லு நேரே நிற்கிறது, ஹாண்டில் ஒரு பக்கம் பார்க்கிறது

எல்லாவற்றிலும் சின்னப் பிழை இதுதான். ஆனால் ஆட்களைப் பயப்படுத்துவதும் இதுதான்.

சைக்கிளுக்கு முன்னால் நின்று முன்சில்லை இரண்டு முழங்காலாலும் இறுக்கிப் பிடியுங்கள். ஹாண்டில் தண்டின் உச்சியில் ஒற்றை ஆணி இருந்தால் அதை மூன்று நாலு சுற்று இளக்குங்கள். இளக்கியும் ஹாண்டில் அசையாது, ஏனென்றால் உள்ளே ஆப்பு இறுகிப் பிடித்திருக்கும். ஆணியின் தலையில் ஒரு மரக்கட்டையை வைத்து மெல்லத் தட்டினால் 'டொக்' என்று விடும். நேராக்கி இறுக்குங்கள். தண்டில் கீறியிருக்கும் எல்லைக் கோடு வெளியே தெரியக்கூடாது. தெரிந்தால் தண்டு குறைவாக உள்ளே போயிருக்கிறது, அது ஆபத்து.

தண்டின் பக்கத்தில் இரண்டு ஆணி இருக்கும் புது மாதிரி என்றால் அந்தப் பக்க ஆணிகளை மட்டும் இளக்குங்கள். மேல் மூடியின் ஆணியைத் தொடவேண்டாம், அது கழுத்து போல்ஸின் (ஹாண்டில் திரும்புவதற்குக் கழுத்துக்குள் இருக்கும் குண்டுகளின்) இறுக்கத்துக்கானது.

நேராக்கி இறுக்கிய பிறகும், ஓடும்போது நேரே போக ஹாண்டிலைத் திருப்பி வைத்திருக்க வேண்டியிருக்கிறதா? அப்படியானால் பிழை ஹாண்டிலில் இல்லை. அறிகுறி 2, 3 இரண்டையும் பாருங்கள்.

அறிகுறி 2: கையைத் தளர்த்தினால் ஒரு பக்கம் இழுக்கிறது

அதிகம் வருவது இதுதான். கடைசிவரை போய்ப் பார்த்தால்தான் காரணம் தெரியும் என்பதும் இதில்தான்.

*முதலில் சைக்கிளைச் சந்தேகிக்காதீர்கள்*

எங்கள் வீதிகள் மழைத்தண்ணீர் ஓட நடுவில் உயர்ந்து ஓரத்தில் சரிந்திருக்கும். இடப்பக்கமாக ஓடும் எந்தச் சைக்கிளும் கொஞ்சம் இடப்பக்கம்தான் உருளும். திரும்பி வரும்போதும் நீங்கள் உங்கள் இடப்பக்கத்தில்தான் வருவீர்கள், அப்போதும் இடப்பக்கமே இழுக்கும். "போகேக்கையும் இழுக்குது, வரேக்கையும் இழுக்குது" என்று சொல்லிக்கொண்டு வந்த பலருக்கு இதுதான் கதை. சமதளமான சீமெந்துத் தரையிலோ மைதானத்திலோ ஓடிப் பாருங்கள்.

யாழ்ப்பாணத்துப் பண்ணைப் பாலம் கடலுக்கு நடுவே நீளமாக, நேராக இருக்கிறது என்று அங்கே போய்ச் சோதிக்கிறார்கள். அதற்கு மோசமான இடம் வேறு இல்லை. சோளகம் (தென்மேல் காற்று) வீசும் மாதங்களில் கடற்காற்று நல்ல சைக்கிளையே கோணல் சைக்கிளாக்கிவிடும். விடியற்புறம், காற்று விழுந்திருக்கும் நேரம் பாருங்கள்.

ஹாண்டிலில் ஒரு பக்கம் பை கொழுவியிருந்தால் கழற்றுங்கள். சிரிக்காதீர்கள், இதற்காகவும் என்னிடம் வந்திருக்கிறார்கள்.

*டயர்*

காற்றை டயரின் பக்கத்தில் எழுதியிருக்கும் அளவுக்கு அடியுங்கள். பிறகு டயரின் இரு கன்னத்திலும், றிம்முக்கு ஒட்டினாற்போல் சுற்றிவர ஓடும் மெல்லிய கோட்டைப் பாருங்கள். றிம்மிலிருந்து அது எல்லா இடத்திலும் ஒரே தூரத்தில் இருக்கவேண்டும். ஓரிடத்தில் உள்ளே புதைந்திருந்தால் டயர் சரியாக உட்காரவில்லை. காற்றை விட்டு, அந்த இடத்தில் சவர்க்காரத் தண்ணி பூசி, திரும்ப அடித்தால் தானாக வெளியே வரும்.

*முன்சில்லு வெட்டில் உட்கார்ந்திருக்கிறதா*

வெட்டு என்பது போர்க்கின் நுனியில் அச்சு உட்காரும் பிளவு. தலைகீழாகக் கவிழ்த்து வைத்துக்கொண்டு இதைச் செய்யாதீர்கள். சைக்கிளை நிலத்தில் நிறுத்தி, இரண்டு நட்டையும் இளக்கி, ஹாண்டிலில் உங்கள் பாரத்தைக் கொடுத்து அழுத்துங்கள். அச்சு வெட்டின் ஆழத்துக்குப் போய் உட்காரும். பாரம் கொடுத்தபடியே இருபக்கமும் மாறி மாறி இறுக்குங்கள். புதுப் போர்க்கில் வெட்டுக்குள் பெயின்ற் கட்டியாக நின்று அச்சை ஒரு பக்கம் உயர்த்தி வைத்திருப்பதும் உண்டு. கத்தி நுனியால் அந்தப் பெயின்றைச் சுரண்டலாம். அரத்தால் இரும்பைத் தேய்க்கக்கூடாது.

வருபவற்றில் பாதி இந்த இடத்தோடு வீட்டுக்குத் திரும்பிவிடும்.

*கழுத்து இறுகியிருக்கிறதா*

முன்பக்கத்தைத் தூக்கி, சைக்கிளை மெல்ல ஒரு பக்கம் சரியுங்கள். சில்லு தன்பாட்டில் அந்தப் பக்கம் விழவேண்டும். மற்றப் பக்கம் சரித்தாலும் அப்படியே. நடுவில் ஓரிடத்தில் பிடித்து நின்றாலோ, தள்ளினால் மட்டும் திரும்பினாலோ கழுத்து போல்ஸ் அளவுக்கு மிஞ்சி இறுகியிருக்கிறது. அப்படிப்பட்ட சைக்கிள் ஒரு பக்கம் இழுப்பதைவிட, தொடங்கின பக்கமே போய்க்கொண்டிருக்கும். திருத்தித் திருத்தி ஓட்டவேண்டி வரும். கழுத்தின் மேல் நட்டை இளக்கி, அதற்கு அடுத்துக் கீழே உள்ள கோப்பையைக் கால் சுற்று விட்டுப் பாருங்கள். பிறகு முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு முன்னும் பின்னும் அசையுங்கள். 'டக் டக்' என்று ஆடினால் அளவுக்கு மிஞ்சி இளக்கிவிட்டீர்கள்.

கழுத்தைச் சரியாக விட்டும் நடுவில் ஒரு பள்ளத்தில் விழுவதுபோல் உணர்ந்தால், போல்ஸோ கோப்பையோ புதிதிலேயே பழுது. அது கடைக்குரியது.

*சில்லைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள்*

இனித்தான் முக்கியமான சோதனை. பிரேக்குக்குக் கீழே, றிம்முக்கும் போர்க்கின் இடக்காலுக்கும் நடுவே ஒரு ஈர்க்கை நுழைத்து, அந்த இடைவெளி அளவுக்கு முறியுங்கள். அதே துண்டை வலப்பக்கம் வைத்துப் பாருங்கள். அடிமட்டம் அந்தச் சந்துக்குள் வடிவாகப் போகாது, போனாலும் கண் ஒரு மில்லிமீற்றர் பொய் சொல்லும். ஈர்க்கு பொய் சொல்லாது. இரு பக்கமும் ஒத்திருந்தால் அறிகுறி 3க்குப் போங்கள்.

ஒத்திருக்கவில்லை என்றால், சில்லைக் கழற்றி, இடப்பக்கம் வலப்பக்கமாக மாற்றிப் பூட்டுங்கள். திரும்ப நிலத்தில் நிறுத்தி, பாரம் கொடுத்து. திரும்ப ஈர்க்கை வையுங்கள்.

இடைவெளி பக்கம் மாறினால்: பிழை சில்லில். றிம் அச்சின் நடுவில் இல்லை. கம்பிகளை ஒரு பக்கம் இறுக்கி மறுபக்கம் இளக்கி நடுவுக்குக் கொண்டுவரலாம். பழகினவர் கையில் அரை மணி நேர வேலை. கடையில் செய்து தருவார்கள், தரவேண்டும்.

இடைவெளி அதே பக்கம் நின்றால்: பிழை போர்க்கில். ஒரு கால் மற்றதைவிடக் கட்டை, அல்லது வெட்டுகள் ஒரே மட்டத்தில் இல்லை, அல்லது கால்கள் முறுகியிருக்கின்றன. முறுகலைப் பார்க்கச் சில்லைக் கழற்றிவிட்டு, சைக்கிளுக்குப் பக்கத்தில் குந்தி ஒற்றைக் கண்ணால் பாருங்கள். கிட்ட இருக்கும் கால் தூர இருக்கும் காலை முழுவதும் மறைக்கவேண்டும். தூரத்துக் கால் கீழே எட்டிப் பார்த்தால் முறுகியிருக்கிறது. இங்கே கையை எடுங்கள்.

டிஸ்க் பிரேக் உள்ள சில்லைத் திருப்பிப் போட முடியாது. நேரான சில்லு என்று தெரிந்த வேறொரு சைக்கிளின் முன்சில்லை இரவல் வாங்கிப் போட்டுப் பாருங்கள்.

பக்கத்து வீட்டுப் பிள்ளை உயர்தரம் படிக்கப் போவதற்கென்று வாங்கிய சைக்கிள் இப்படித்தான் வந்தது. "அங்கிள், ஒரு கையால பிடிச்சா மதிலுக்குள்ள போகுது. கடைக்காரர் ஓட ஓடச் சரிவருமெண்டு சொன்னவர்." ஒரு மாதம் ஓடியிருக்கிறாள். வலது தோள் நோகிறது என்று தாய் எண்ணெய் தேய்த்திருக்கிறார். ஈர்க்கை வைத்தேன், இடப்பக்கம் நுழைந்த துண்டு வலப்பக்கம் ஆடியது. சில்லைத் திருப்பிப் போட்டேன், அப்போதும் வலப்பக்கமே ஆடியது. போர்க். நானும் அவளும் சைக்கிளை உருட்டிக்கொண்டு கடைக்குப் போனோம். முதலாளி கையை விரித்தார். வாசலில் அதே மாதிரி இன்னொன்று நின்றது. "தம்பி, இதில ஒருக்கா வைச்சுப் பாக்கட்டே?" என்று கேட்டு அதே ஈர்க்கை அதில் வைத்தேன். அதிலும் வலப்பக்கம் ஆடியது. ஒரே கூட்டத்தில் வந்த போர்க்குகள் போலிருக்கிறது. அதற்குப் பிறகு அவர் அதிகம் பேசவில்லை. மூன்றாம் நாள் வேறு போர்க் மாறியது. இதனால்தான் சொல்கிறேன்: போர்க்கை மாற்றித் தரும்போது புதிய போர்க்கிலும் அங்கேயே ஈர்க்கை வைத்துப் பாருங்கள்.

அறிகுறி 3: "சைக்கிள் நண்டு மாதிரிப் போகுது" என்று பின்னால் வருபவர் சொல்கிறார்

ஓடுபவருக்கு இது தெரிவதில்லை, பின்னால் வருபவருக்குத்தான் தெரியும். பின்சில்லு முன்சில்லின் தடத்தில் வராமல் ஒரு பக்கம் தள்ளி வருகிறது.

*கண்ணால் பார்ப்பதைவிடத் தண்ணீரால் பார்ப்பது நல்லது.* சீமெந்துத் தரையில் தங்கூசியை இழுத்துப் பிடித்து, அதன் வழியே சோக்கால் நேர்கோடு போடுங்கள். பின்டயரை மட்டும் நனையுங்கள். முன்சில்லு கோட்டின் மேலேயே போகும்படி சைக்கிளை நிமிர்த்திப் பிடித்து மெல்ல உருட்டுங்கள். பின்டயரின் ஈரத்தடம் கோட்டின் மேல் விழவேண்டும். இரண்டு மூன்று மில்லிமீற்றர் விலகினால் என் கணக்கில் பரவாயில்லை. ஒரு சென்ரிமீற்றர் என்றால் விடக்கூடாது. வெயில் நேரத்தில் செய்யாதீர்கள், திரும்பிப் பார்க்குமுன் தடம் காய்ந்துவிடும்.

*பின்சில்லு சரிந்து பூட்டியிருக்கிறதா*

பெடல் அச்சுக்குப் பின்னால், சட்டத்தின் கீழ்க்குழாய்கள் இரண்டுக்கும் நடுவே டயர் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். ஒற்றைப் பல்லுச் சைக்கிளில் (கியர் இல்லாதது) பின்அச்சின் வெட்டு நீளமாக இருக்கும். நட் போதாமல் இறுக்கியிருந்தால் செயின் வலப்பக்க அச்சை முன்னுக்கு இழுத்துவிடும். அப்போது டயரின் முன்பக்கம் இடக் குழாயை நோக்கிப் போகும். இளக்கி, டயரை நடுவுக்கு வைத்து, முதலில் வலது, பிறகு இடது என்று இறுக்குங்கள். செயின் இழுவைத் திருகாணி இருந்தால் இரு பக்கமும் ஒரே எண்ணிக்கைச் சுற்று. அநேகமாக இதோடு நண்டு நடை நிற்கும்.

நடுவுக்கு வைத்தால் முன்பக்கம் சரி, ஆனால் மேலே பிரேக்கடியில் ஒரு பக்கம் ஒட்டுகிறது என்றால், செயினைக் கழற்றிவிட்டுச் சில்லைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். முன்சில்லுக்குச் சொன்ன அதே கணக்குத்தான்: பக்கம் மாறினால் சில்லு, மாறாவிட்டால் சட்டம். கியர்ச் சைக்கிளின் சில்லு திரும்பாது, நேரே தங்கூசிக்குப் போங்கள்.

*தங்கூசிச் சோதனை*

பின்அச்சு உட்காரும் இடத்தில் ஒரு பக்கம் தங்கூசியைக் கட்டுங்கள். முன்னுக்குக் கொண்டுபோய், ஹாண்டிலுக்குக் கீழே உள்ள கழுத்துக் குழாயை முன்பக்கமாகச் சுற்றி, மற்றப் பக்கத்தால் பின்அச்சுக்கே கொண்டுவந்து அதே உயரத்தில் இறுக்கிக் கட்டுங்கள். தங்கூசி எங்கும் முட்டக்கூடாது. கரியர்க் கம்பி முட்டினால் கரியரைக் கழற்றுங்கள். இப்போது சீட்டைத் தாங்கும் குழாயிலிருந்து தங்கூசிக்கு உள்ள தூரத்தை இரு பக்கமும் அளவுங்கள்.

2 மில்லிமீற்றருக்குள் வித்தியாசம்: சட்டம் நேர். கோணலை வேறெங்காவது தேடுங்கள்.

3 அல்லது 4: அவிழ்த்துத் திரும்பக் கட்டி அளவுங்கள். முடிச்சு ஒரு பக்கம் தடித்திருந்தாலே ஒரு மில்லிமீற்றர் வந்துவிடும்.

5க்கு மேல், இரண்டு முறை கட்டியும் அதே பக்கம்: சட்டம் தொழிற்சாலையிலேயே கோணலாக ஒட்டுப்பட்டிருக்கிறது. பில்லைத் தேடுங்கள்.

சட்டத்தைத் தூணுக்கும் மதிலுக்கும் நடுவில் கொடுத்து வளைத்து நேராக்குகிற அண்ணைமார் எங்கள் ஊரில் இருந்தார்கள், இன்றும் ஓரிருவர் இருக்கிறார்கள். பழைய இரும்புச் சட்டத்தை அவர்கள் நேராக்கி அது பத்து வருடம் ஓடியதும் உண்மை. ஆனால் அது வேறு வழியில்லாத காலத்து வேலை. உத்தரவாதம் உள்ள புதுச் சட்டத்தை அப்படிச் செய்தால் உத்தரவாதம் அன்றோடு போய்விடும். அலுமினியம் என்றால் செய்யவே கூடாது, வளைத்த இடம் பிறகு ஒரு நாள் சொல்லாமல் முறியும். காந்தத்தை வைத்துப் பாருங்கள், ஒட்டினால் இரும்பு.

அறிகுறி 4: பிரேக் உரசுகிறது, சில்லு ஆடுகிறது

சில்லைத் தூக்கிச் சுழற்றுங்கள். உரசல் தொடர்ச்சியாக இருக்கிறதா, சுற்றுக்கொரு முறை வருகிறதா?

தொடர்ச்சியாக என்றால் பிரேக் நடுவில் இல்லை, அல்லது சில்லு வெட்டில் சரியாக உட்காரவில்லை. சில்லை முதலில் உட்காரவைத்துவிட்டுத்தான் பிரேக்கைத் தொடவேண்டும். மாறிச் செய்தால் கோணலான சில்லுக்குப் பிரேக்கைக் கோணலாக்கியதாக முடியும். கடைகளில் அதிகம் நடப்பது இதுதான், பிரேக்கை ஒரு தட்டுத் தட்டிச் சத்தத்தை நிறுத்திவிட்டு அனுப்பிவிடுவார்கள்.

சுற்றுக்கொரு முறை என்றால் றிம் நெளிந்திருக்கிறது. உடுப்புக் கொழுவும் கிளிப் ஒன்றைப் போர்க்கில் மாட்டி, அதன் நுனி றிம்முக்குக் கிட்ட வரும்படி வையுங்கள். உரசும் இடத்தில் சோக்கால் குறி போடுங்கள். றிம் வலப்பக்கம் போகும் இடத்தில், இடப்பக்கத்திலிருந்து வரும் கம்பியைக் கால் சுற்று இறுக்கி, பக்கத்து வலக் கம்பியைக் கால் சுற்று இளக்குங்கள். டயர்ப் பக்கமிருந்து பார்த்தால் மணிக்கூடு சுற்றும் திசைதான் இறுக்கம். கம்பியின் பக்கமிருந்து பார்த்துத் திருகி மாறிப்போகாதவர் குறைவு. ஒரு தடவைக்குக் கால் சுற்றுக்கு மேல் வேண்டாம். சுழற்றிப் பார்த்து, திரும்பச் செய்யுங்கள்.

முதலில் எல்லாக் கம்பியையும் விரலால் நுள்ளிப் பாருங்கள். பழைய பார்ச் சைக்கிளில் முன்னுக்கு 32, பின்னுக்கு 40 கம்பி, நுள்ளிக்கொண்டு போனால் வீணை மாதிரி ஒரே சுருதியில் வரும். இப்போது வரும் புதுச் சில்லுகளில் நாலைந்து கம்பி 'தொப்' என்று சத்தமே இல்லாமல் கிடக்கும். வேறொன்றும் செய்யாமல் அவற்றை மற்றவற்றின் சத்தத்துக்குக் கொண்டுவந்தாலே பாதி நெளிவு போய்விடும்.

இதற்கு மேல் கடைக்காரரிடம்: நெளிவு 3 மில்லிமீற்றருக்கு மேல், பக்கவாட்டில் அல்லாமல் மேலும் கீழுமாகத் துள்ளுகிறது, பிரேக் பிடிக்கும்போது சுற்றுக்கொரு முறை 'டுக்' என்று கைக்குத் தெரிகிறது. கடைசியாகச் சொன்னதற்கு றிம்மின் இணைப்பைத் தடவிப் பாருங்கள். அநேகமாகக் காற்றடிக்கும் வால்வுக்கு நேர் எதிர்ப்பக்கம் இருக்கும். நகத்தில் படி தட்டினால் றிம் மாறவேண்டும், கம்பி திருகிப் பயனில்லை.

அறிகுறி 5: மிதிக்கும்போது கால் கோணுகிறது

பெடல் சுற்றும்போது பாதம் உள்ளும் வெளியும் அசைவது போலிருந்தால், முதலில் இடப் பெடலைப் பாருங்கள். இடப் பெடலின் புரி எதிர்ப்புரி. அவசரத்தில் வலப் பெடலை இடப்பக்கம் வைத்தோ, சரியான பெடலைச் சரித்து வைத்தோ சாவியால் முறுக்கி ஏற்றிவிடுவார்கள். அச்சின் நுனியில் 'எல்', 'ஆர்' என்று குத்தியிருக்கும், பாருங்கள். கழற்றும்போது மினுமினுக்கும் இரும்புத் தூள் சேர்ந்து வந்தால் அதோடு நிறுத்தி, திரும்பப் பூட்டாமல் கடைக்குக் கொண்டுபோங்கள். புரி தின்ற கிராங்க் (பெடலைத் தாங்கும் தண்டு) இன்றைக்குப் பிடிக்கும், சந்தி கடக்கும்போது விடும்.

தூள் வரவில்லை என்றால், விரலாலேயே மூன்று நாலு சுற்று ஏறும்படி வைத்துப் பிறகு சாவி. இன்னும் கோணினால் வேறு சைக்கிளின் அதே பக்கப் பெடலைப் போட்டுப் பாருங்கள். அதுவும் கோணினால் கிராங்க் வளைவு, கோணாவிட்டால் பெடல் அச்சு வளைவு. இரண்டும் மாற்றவேண்டியவை.

இரும்புப் பின் (ஆப்பு ஆணி) அடித்துப் பூட்டும் பழைய மாதிரிக் கிராங்கில் இரண்டு காலும் ஒரே நேர்கோட்டில் இல்லாமல் ஒன்று முந்தி நின்றால், அது வளைவு இல்லை. இரண்டு பின்னும் ஒன்றுக்கொன்று எதிர்த்திசையில் அடிபட வேண்டும். ஒன்றை மாற்றி அடித்திருப்பார்கள்.

அறிகுறி 6: செயின் கழருகிறது, அல்லது ஓரிடத்தில் சத்தம்

ஒற்றைப் பல்லுக்கு: செயினின் நடுவில் விரலால் தூக்கினால் ஒரு சென்ரிமீற்றர், ஒன்றரை வரை அசையலாம். கிராங்கைச் சுற்றிக்கொண்டே பல இடத்தில் பாருங்கள். ஓரிடத்தில் இறுகி ஓரிடத்தில் தொய்ந்தால் பெரிய பல்லுச் சில்லு நடுவில் இல்லை. பக்கவாட்டில் ஆடினால் வளைந்திருக்கிறது. கொஞ்சம் ஆடுவது எல்லாச் சைக்கிளிலும் உண்டு, சத்தமும் கழரலும் இல்லையென்றால் விட்டுவிடுங்கள்.

கியர்ச் சைக்கிளுக்கு: பின்னால் நின்று பாருங்கள். செயினைத் தாங்கும் இரண்டு சின்னச் சில்லும் நிலத்துக்கு நேர்குத்தாகத் தொங்கவேண்டும். கீழ்ச் சில்லு கம்பிகளை நோக்கிச் சரிந்திருந்தால், பெட்டியில் வரும்போதே அதைத் தாங்கும் கொளுக்கி அடிபட்டு வளைந்திருக்கிறது. கேபிளைத் திருகித் திருகி நாளைக் கழிக்காதீர்கள். அந்தச் சைக்கிளைப் பின்னால் உள்ள பெரிய பல்லுச் சில்லில் போட்டு மேட்டில் ஏற்றவும் வேண்டாம், கம்பிக்குள் போய்ச் சில்லையே தின்றுவிடும். யாழ்ப்பாணத்தில் மேடு எங்கே என்று கேட்பீர்கள். பாலத்து ஏற்றம் போதும்.

கடைக்குக் கொண்டுபோகும்போது

கழுத்து, பிரேக், கம்பி இறுக்கம், சில்லு நடுவுக்கு வருதல்: இவற்றைக் கடையிலேயே திருத்தித் தந்தால் வாங்கிக்கொள்ளுங்கள். போர்க், சட்டம், புரி தின்ற கிராங்க், படி தட்டும் றிம்: இவற்றுக்கு மாற்றுச் சாமான்தான் கேளுங்கள். "நாங்களே நிமித்தித் தாறம்" என்று போர்க்குக்குள் பைப்பைக் கொடுக்க வந்தால் வேண்டாம் என்று சொல்லுங்கள். கோபப்படத் தேவையில்லை. ஈர்க்கையோ தங்கூசியையோ அவர் கண்முன்னே வைத்துக் காட்டுங்கள். வாய்ப் பேச்சுக்கு மறுபேச்சு இருக்கும், ஆடுகிற ஈர்க்குக்கு இருக்காது.

போவதற்குமுன் அளவு வைத்த நிலையில் போனில் படம் எடுங்கள், அடிமட்டத்தின் இலக்கம் தெரியும்படி. சட்ட இலக்கத்தையும் எடுங்கள், அநேகமாகப் பெடல் அச்சுக்குக் கீழே குத்தியிருக்கும். பில்லில் அந்த இலக்கம் இல்லையென்றால் எழுதி வாங்குங்கள். சுத்தியலோ அரமோ பட்ட அடையாளம் எதுவும் இருக்கக்கூடாது, இருந்தால் "நீங்கள் விழுத்தினது" என்பார்கள்.

கடை கையை விரித்தால் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபை இருக்கிறது. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் வந்தது, தொலைபேசி 1977. உத்தரவாதத்துக்கு ஒவ்வாத பொருளைப் பற்றிய முறைப்பாட்டை வாங்கிய நாளிலிருந்து 3 மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்கவேண்டும். "ஓட ஓடச் சரிவரும்" என்ற பேச்சைக் கேட்டு நாலு மாதம் ஓடிவிட்டு வருபவர்களுக்கு என்னிடம் சொல்ல அதிகம் இல்லை. கடிதத்தோடு பில்லின் பிரதியையும் படங்களையும் இணையுங்கள், மூலப் பில்லைக் கையிலேயே வைத்திருங்கள்.